பழைய பைபர் படகின் தளம் அமுங்குகிறது: மேலே மூடலாமா, பிரித்து அடிச்சட்டத்தை மாற்ற வேண்டுமா?

தூண்டில்_திருவொற்றியூர்

வணக்கம். போன மாதம் 19 அடி பைபர் படகு ஒன்று வாங்கினேன். தளம் முழுக்க மூடியது, முன்னணியத்தில் (படகின் முன்பகுதியில்) சின்னதாக ஓர் அறை, பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். படகுக்கு 25 வயதுக்கு மேல் இருக்கும். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு தோப்பில் நாலைந்து வருடம் மேல்மூடி இல்லாமல் கிடந்திருக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவாவுக்கும், கொஞ்சம் வெளியே போய் வஞ்சிரத்துக்கும் தூண்டில் போட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்பா கட்டுமரத்தில் போனவர். இப்போது அவரால் துடுப்புப் போட முடியாது, ஆனால் உட்கார்ந்து வர முடியும். அவரை ஒரு தடவையாவது கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகவே மூடிய தளம் உள்ள படகாகத் தேடினேன்.

வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் இறக்கிக் கழுவும்போதுதான் தெரிந்தது. ஓட்டுபவர் இருக்கைக்குப் பின்னால் காலை வைத்தால் தளம் மெத்தை மாதிரி அமுங்குகிறது. இருக்கையின் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினேன். கையாலேயே சுற்றி எடுக்க முடிந்தது. ஓட்டையில் இருந்து காய்ச்சி வடித்த டீத்தூள் மாதிரி கறுப்பாக ஈரத்தூள் வந்தது.

அதே தளத்தின் மேல் 12 மில்லி பிளைவுட் போட்டு கண்ணாடிநார் மேட் ஒட்டி மூடிவிடலாம், இரண்டு நாள் வேலை என்கிறார் தெரிந்த ஒருவர். மூடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டுப்_பைபர்

தம்பி, மூடாதீர்கள். 22 வருடமாக பைபர் வேலையில் இருக்கிறேன். மூடிய தளத்தை மறுபடி பிரித்துக் கொடுத்த படகுகளே பத்துக்கு மேல் இருக்கும். அமுங்குவது தளம்தான் என்றாலும் நோய் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கிறது.

உங்கள் படகின் அடியில் நீளவாக்கில் முன்னணியத்தில் இருந்து பின்பலகை (இன்ஜின் மாட்டும் பலகை) வரை இரண்டோ நான்கோ சட்டங்கள் ஓடும். ஸ்ட்ரிங்கர் என்பார்கள், நாங்கள் அடிச்சட்டம் என்போம். படகின் அடி வெறும் 6 முதல் 8 மில்லி பைபர் தகடுதான். அலையில் அடி வாங்கும்போது அது வளையாமல் வைத்திருப்பது அந்தச் சட்டங்கள். தளம் அந்தச் சட்டங்களின் மேலே உட்கார்ந்து, மேல்பக்கத்தில் இருந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்து ஒரு பெட்டி. பெட்டியின் ஒரு பக்கம் மக்கினால் மற்ற பக்கங்களும் தளர ஆரம்பித்துவிட்டன என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். மக்கின இடம் 'தொப்' என்று செத்த சத்தம் தரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அப்புறம் 5 மில்லி டிரில் பிட்டால் தளத்தில் ஓட்டை போட்டு, அதற்குக் கீழே சட்டத்தின் மேலேயும் போடுங்கள். காய்ந்த வெளிர் நிறச் சீவல் வந்தால் நல்லது. பழுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் சட்டம் போய்விட்டது. சட்டத்தில் பின்கோடியில் இருந்து ஆரம்பியுங்கள். தண்ணீர் வந்து தேங்குகிற இடம் அதுதான்.

இன்ஜினின் அடிக்கால் பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்பலகை அதோடு சேர்ந்து அசைந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தூண்டில்_திருவொற்றியூர்

நன்றி அண்ணே. நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். தளத்தில் பாதிக்கு மேல் சாக்பீஸ் வட்டம்தான். சட்டத்தில் எட்டு ஓட்டை போட்டேன்; பின்பக்கம் ஐந்தில் கறுப்பு, முன்பக்கம் மூன்றில் நல்ல மரம். ஓர் ஓட்டையில் இருந்து தண்ணீரே கசிந்தது. பின்பலகை அசையவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. படகு நாலைந்து வருடம் தரையில்தானே கிடந்தது? கடல்தண்ணீரே படாமல் எப்படி மக்கும்?

பழைய_தச்சன்

கடல்தண்ணீர் படாததால்தான் மக்கியது.

மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. உப்புத்தண்ணீர் ஊறிய மரத்திலும் அது சுலபமாகப் பிடிக்காது. மழைத்தண்ணீர்தான் அதற்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க உங்கள் படகுக்குள் விழுந்திருக்கும். இருக்கை ஸ்க்ரூ, கைப்பிடி ஸ்க்ரூ, தளத்து மூடி என்று ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் கீழே இறங்கியிருக்கும். அதற்கு மேல் நம் ஊர் வெயில். மூடின படகுக்குள் அது இட்லிப் பானை மாதிரி புழுங்கும்.

உங்கள் அப்பாவிடம் கட்டுமரத்தைப் பற்றிக் கேளுங்கள். கடலில் இருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காய வைப்பார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த மரம் அப்படித்தான் வருடக்கணக்கில் உழைத்தது. பைபருக்குள் பூட்டிய மரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியே ஈரம் உள்ளே போய்விட்டால் வெளியே வர வழி கிடையாது. நான் 40 வருடம் மரப்படகு கட்டியவன். மரம் கெட்டது என்று என்னிடம் வந்த பைபர் படகுகளில் மரத்தின் மேல் குற்றம் இருந்ததே இல்லை, மூடிய விதத்தில்தான் குற்றம். நீங்கள் எந்தப் பொருளைப் போட்டாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

நெட்டுக்குப்பம்_ராசா

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது 28 அடி திறந்த பைபர் படகு, சுனாமிக்கு அடுத்த வருடம் வந்தது. இதில் நீளச்சட்டம் கிடையாது, குறுக்கே வங்கு, அதாவது குறுக்குச் சட்டம் மட்டும் இருக்கிறது. வங்கின் மேல் ஒட்டிய பைபர் இரண்டு இடத்தில் அடியில் இருந்து விட்டு நிற்கிறது. மக்கல் இல்லை. அதன்மேல் ரெசின் (பைபரை ஒட்டும் பிசின்) ஊற்றினால் போதுமா?

காசிமேட்டுப்_பைபர்

போதாது. ஊற்றின ரெசின் கண்ணாடி மாதிரி, நார் இல்லாமல் அதற்குப் பலம் கிடையாது. முதல் அலையிலேயே விரிசல் விடும். 2005, 2006 வாக்கில் ஒரே நேரத்தில் அத்தனை படகு தேவைப்பட்டது. அவசரத்தில் கட்டியதில் சிலவற்றில் வங்கை ஒட்டும் முன் அடியைத் தேய்க்காமலே ஒட்டியிருப்பார்கள். விட்டு நிற்கிற பைபரை முழுக்க வெட்டி எடுங்கள். இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் 36 நம்பர் எமரித் தட்டால் தேய்த்து, புதிதாக மேட், ரோவிங் (நெய்த நார்த்துணி), மேட் என்று ஒட்டுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதில் உங்கள் படகு நனைந்ததா?

நெட்டுக்குப்பம்_ராசா

நனைந்தது அண்ணே. வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் தார் மாதிரி பிடித்தது. டீசல் போட்டுத் துடைத்தோம். இன்றைக்கும் வெயில் ஏறினால் வாடை வரும்.

காசிமேட்டுப்_பைபர்

அப்படியானால் கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் எண்ணெயை எடுத்தாக வேண்டும். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் அந்தச் சூட்டில் அது நாருக்குள் இறங்கிவிடும், அப்புறம் எது போட்டாலும் ஒட்டாது. முதலில் சோப்புத்தூளும் சுடுதண்ணீரும் போட்டு இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். காய்ந்ததும் சுத்தமான வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். துணியில் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். அதற்குப் பிறகுதான் தேய்ப்பு. தேய்த்த பின் இன்னொரு தடவை அசிட்டோன்.

தூண்டில்_திருவொற்றியூர்

முடிவு செய்துவிட்டேன், பிரிக்கிறேன். நாளைக்குக் காலை கட்டிங் வீலோடு இறங்கலாமா?

காசிமேட்டுப்_பைபர்

இறங்காதீர்கள். இந்த இழையில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்.

தளத்தையும் சட்டத்தையும் எடுத்த பிறகு உங்கள் படகு வெறும் ஓடு. அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்த வடிவத்துக்கு வளைந்துகொள்ளும். அந்த நிலையில் புதுச் சட்டம் ஒட்டினால் வளைவையும் சேர்த்து நிரந்தரமாகப் பூட்டிவிடுவீர்கள். இது எனக்கே நடந்தது. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் 17 அடிப் படகு ஒன்று. இரண்டு டயர் மேல் வைத்து, இரண்டு சட்டத்தையும் ஒரே நாளில் எடுத்துவிட்டேன். நடுவில் அரை அங்குலம் குழி விழுந்தது, எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து கடலில் விட்டதும், வேகம் எடுத்தால் மூக்கு மேலும் கீழும் குதித்துக்கொண்டே போனது. நேராக ஓடவே இல்லை. படகுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். சொந்தக் காசில் மறுபடி பிரித்துச் செய்து கொடுத்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் தளம் முழுசாக இருக்கும்போதே தாங்கல் அமையுங்கள். படகின் வெளிப்பக்க வடிவத்தை அட்டையில் எடுத்து, அதேபோல் பிளைவுட்டில் வெட்டி, முன், நடு, பின் என்று குறைந்தது மூன்று இடத்தில் தொட்டில் மாதிரி நிறுத்துங்கள். 19 அடிக்கு நான்காக வைத்தால் இன்னும் நிம்மதி. பின்பலகைக்கு நேர் கீழே ஒன்று இருந்தே ஆக வேண்டும். மட்ட டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு பக்கமும் சமமா என்று பாருங்கள். முன்னணியத்தில் இருந்து பின்பலகை நடுவுக்கு நூல் கட்டி, ஒரு அடிக்கு ஒரு தரம் நூலுக்கும் தளத்துக்கும் உள்ள உயரத்தை நோட்டில் எழுதுங்கள். தளம் எடுத்ததும் அதே நூலில் இருந்து அடி எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். வேலை முடியும்வரை வாரம் ஒரு தடவை அந்த அளவைச் சரிபாருங்கள்.

சட்டத்தை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் எடுங்கள். புதுசு ஒட்டி இறுகிய பிறகு மறுபக்கம். பழைய சட்டத்தின் உயரம், ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி, சரிவு எல்லாவற்றையும் வெட்டும் முன் அளந்துகொள்ளுங்கள். நுனியில் நல்ல மரம் கொஞ்சம் இருக்கும், அதை மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிசின்_அக்கா

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பைபர் தொட்டி செய்யும் இடத்தில் 14 வருடமாக வேலை செய்கிறேன். படகு கட்டியதில்லை, ஆனால் ரெசின் கை வந்த பழக்கம். தம்பி வீட்டுப் பக்கத்தில் செய்வதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ரெசினை இறுக வைக்கக் கலப்பவை கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும். இந்த இரண்டையும் ஒருநாளும் நேரடியாகக் கலக்கக் கூடாது. இரண்டும் தொட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட்டைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். அது முழுக்கக் கரைந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே அளவு மூடியால் அளக்காதீர்கள். கடையில் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினும் கிடைக்கும். முதல் தடவை செய்பவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேட்டலிஸ்ட் அளவு ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் ஊர் மே மாத வெயிலில் 1 சதவீதமே தாராளம். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். டப்பாவில் குவிந்து இருந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டியாகிவிடும், அகலத் தட்டில் ஊற்றினால் நேரம் கிடைக்கும். கெட்டியாக ஆரம்பித்த மீதியைக் குப்பையில் போடாமல் மணலில் கொட்டி ஆற விடுங்கள்.

முகத்துக்குத் துணி கட்டினால் போதும் என்று நிறையப் பேர் செய்கிறார்கள். ரெசின் ஆவியைத் துணி தடுக்காது. கார்பன் குப்பி உள்ள முகமூடி வாங்குங்கள். தேய்க்கும்போது கண்ணாடித் தூள் பறக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்திலும் மணிக்கட்டிலும் பவுடர் பூசிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பச்சைத்தண்ணீரில் குளியுங்கள், சூடான தண்ணீர் அரிப்பை அதிகமாக்கும். காலிமனையில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்றால் தார்ப்பாய் கட்டி மறையுங்கள்.

தூண்டில்_திருவொற்றியூர்

அக்கா, ரொம்ப நன்றி. மனையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், தார்ப்பாய் இன்றைக்கே கட்டிவிடுகிறேன். ரெசினில் எபாக்ஸியா, சாதா பாலியஸ்டரா? மரமா, நுரைப்பலகையா? இந்த இரண்டும் சொல்லுங்கள்.

பிசின்_அக்கா

காய்ந்த பழைய பைபரின் மேல் எபாக்ஸி பிடிப்பதுபோல பாலியஸ்டர் பிடிக்காது. மரத்திலும் எபாக்ஸியே நன்றாக ஒட்டும், ஈரத்தையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் விலை பல மடங்கு. இன்னொன்று, நாம் வழக்கமாக வாங்கும் துண்டுநார் மேட்டில் நாரைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் கரையும்படி செய்தது. எபாக்ஸியில் அது கரையாது, மேட் வளைந்து கொடுக்காது. எபாக்ஸி என்றால் நெய்த துணியோ தைத்த துணியோ வாங்க வேண்டும். எபாக்ஸி போட்ட இடத்தின் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் (மேல்பூச்சு) சரியாக ஒட்டாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

நானாக இருந்தால் மரத்தைப் பூசி அடைக்கவும், அடியோடு சட்டத்தை ஒட்டவும் எபாக்ஸி வாங்குவேன். தளத்துக்கு மேலே ஐசோ ரெசின், அதுவும் பாலியஸ்டர் வகைதான். சாதா வகையான ஜி.பி. ரெசின் தொட்டி மூடிக்கு ஆகும், தண்ணீரில் நிற்கும் பொருளுக்கு ஐசோ நல்லது.

காசிமேட்டுப்_பைபர்

அக்கா சொல்வதில் எபாக்ஸி பற்றி எனக்கு மாறுபாடு இருக்கிறது. இந்தப் படகு முழுக்கப் பாலியஸ்டரில் கட்டியது. அடியைப் பளபளப்பு துளியும் இல்லாமல் தேய்த்து, ஐசோ ரெசினில் ஒட்டிய சட்டங்கள் என் கையில் 15 வருடம் தாண்டி ஓடுகின்றன. காசு குறைவாக இருந்தால் எபாக்ஸி இல்லை என்று பயப்பட வேண்டாம். தேய்ப்பில் சோம்பல் பட்டால் எபாக்ஸியும் கழன்று வரும்.

பிசின்_அக்கா

தேய்ப்பு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி அண்ணே. ஆனால் உங்கள் கைக்கு 22 வருடப் பழக்கம். இவருக்கு முதல் தடவை. தப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிற பொருளைக் கையில் கொடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

காசிமேட்டுப்_பைபர்

அது நியாயம்தான்.

பழைய_தச்சன்

மரமா நுரையா என்று கேட்டீர்கள். சட்டத்தின் மேல் சுற்றும் பைபர் தடிமனாக இருந்தால் உள்ளே இருப்பது வெறும் அச்சுதான், நுரைப்பலகை போதும். உங்கள் படகின் பழைய சட்டத்தை வெட்டிப் பாருங்கள். பைபர் 2, 3 மில்லிதான் இருந்தால் பாரத்தை மரமும் சேர்ந்து தாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே நுரையை வைத்து அதே அளவு பைபர் சுற்றினால் பலம் குறைந்துவிடும், இரண்டு மடங்காவது சுற்ற வேண்டும். போல்ட் முடுக்கும் இடத்தில் நுரை நசுங்கும். அங்கே மரமோ கெட்டியான பொருளோ வேண்டும்.

தெர்மாகோலை மட்டும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாலியஸ்டர் ரெசின் பட்டதும் கரைந்து ஓடிவிடும்.

மரம் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். ஐ.எஸ். 303 என்று போட்டிருப்பது வீட்டு அலமாரிக்கானது. கடைக்காரர் "வாட்டர்ப்ரூஃப்தான்" என்பார், நீங்கள் முத்திரையைப் பாருங்கள். பாரிமுனையிலோ வால்டாக்ஸ் ரோட்டிலோ வாங்கும்போது ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள். அடுக்குக்கு நடுவில் சந்து இருந்தால் அந்தச் சந்துதான் தண்ணீர் ஓடும் கால்வாய். தேக்கு வேண்டாம். அதில் உள்ள எண்ணெயால் ரெசின் பிடிக்காது.

தூண்டில்_திருவொற்றியூர்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுக்கு ஏறிவிட்டன. உதவிக்கு ஒரு மேஸ்திரிகூடக் கிடைக்கவில்லை. ஜூன் 14 வரை இப்படித்தான் என்றார்கள். அதனால் நானும் மச்சானும் மட்டும். நான்கு தொட்டில் செய்து, மட்டம் பார்த்து, நூல் கட்டி அளவு எழுதிய பிறகுதான் தளத்தை வெட்டினோம். வெட்டும் ஆழத்தைக் கட்டிங் வீலில் 15 மில்லிக்கு மேல் போகாதபடி கட்டை வைத்துக் கட்டுப்படுத்தினேன்.

தளத்துக்குக் கீழே மஞ்சள் நுரை அடைத்திருந்தார்கள். படகு மூழ்காமல் இருக்க ஊற்றியது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. கையால் பிழிந்தால் பஞ்சு மாதிரி தண்ணீர் கொட்டியது. பதினோரு சாக்கு. பழைய இரும்புக்கடைத் தராசில் போட்டோம்: 140 கிலோ. இரண்டு ஆள் பாரத்தை இந்தப் படகு காலியாக இருக்கும்போதே சுமந்துகொண்டு இருந்திருக்கிறது.

சட்டத்தின் பைபரைப் பக்கவாட்டில் கிழித்ததும் பாதி மரத்தைக் கரண்டியால் அள்ளினேன். அப்போதுதான் ஆரம்பம் எங்கே என்று தெரிந்தது. சட்டத்தின் அடியில் தண்ணீர் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போக ஓட்டை விட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டையின் உள்விளிம்பில் ரெசின் பூசவே இல்லை, வெறும் மரம். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மக்கல் வட்டம் வட்டமாகப் பரவியிருந்தது. படம் பார்த்துவிட்டு அப்பா சொன்னார், "கதவைத் திறந்து வெச்சிட்டுக் கூரைக்குப் பூட்டுப் போட்டிருக்கானுங்க."

பழைய பைபர் சுற்று 3 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் மரமே போடுகிறேன். 18 மில்லி மரைன் பிளைவுட் இரண்டை எபாக்ஸியில் ஒட்டி ஒரே சட்டமாக்கினேன். எட்டடிப் பலகையில் இருந்து நீளச்சட்டம் வருவதால் இரண்டு அடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் வராதபடி தள்ளி வைத்தேன். வெட்டின எல்லா விளிம்பிலும் மூன்று கை எபாக்ஸி. அடியை ஒட்டும் முறை பற்றி அண்ணன் ஒருமுறை சொல்லிவிட்டால் நல்லது.

காசிமேட்டுப்_பைபர்

தம்பி, நல்ல வேலை. அளவு எழுதினீர்களே, அதுவே பாதி வெற்றி.

சட்டத்தை அடிமேல் நேராக முட்ட வைக்காதீர்கள். மரத்தின் விளிம்பு ஒரே கோடாக அடியைக் குத்தினால் அந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் வரும். 5 மில்லி இடைவெளி விட்டு, பட்டி குழைத்து அதன் மேல் உட்கார வையுங்கள். பிதுங்கி வரும் பட்டியை வட்ட ஸ்பூன் பின்பக்கத்தால் இழுத்து, மூலையில் வளைவு எடுங்கள். கண்ணாடி நார் கூர்மூலையில் மடங்காது, கீழே காற்றுக்குமிழ் நிற்கும். சட்டத்தின் மேல்விளிம்பையும் அரத்தால் உருட்டிவிடுங்கள்.

பட்டி முழுக்க இறுகும் முன்பே, பசை பதத்தில் இருக்கும்போதே முதல் துணியை ஒட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முதல் அடுக்கு அடியில் 3 அங்குலம் வரட்டும், இரண்டாவது 5, மூன்றாவது 7. எல்லாம் ஒரே இடத்தில் முடியக் கூடாது.

நேரம் பற்றி ஒன்று. விடியற்காலையில் பைபர் மேல் பனி படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் உப்பும் ஈரமும் சேர்ந்து படியும். நம் கரையில் காலை 8 மணியில் இருந்து 11 மணிவரைதான் ஒட்டுவதற்கு நல்ல நேரம். முந்தின நாள் தேய்த்த இடமாக இருந்தால் ஒருதரம் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்து, லேசாகத் தேய்த்து, அசிட்டோன் போட்டுவிட்டு ஒட்டுங்கள்.

நெட்டுக்குப்பம்_ராசா

நான் வங்கு ஒட்டி முடித்தேன். எண்ணெய் எடுக்க மட்டும் நான்கு நாள் ஆனது. 19 துணி. கடைசித் துணி வெள்ளையாக வந்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றி அண்ணே.

தூண்டில்_திருவொற்றியூர்

ஜூன் கடைசி. இரண்டு பக்கச் சட்டமும் ஒட்டி, தளமும் போட்டாகிவிட்டது. நூல் அளவில் எங்கும் 2 மில்லிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

தண்ணீர் போகும் ஓட்டையைத்தான் அதிக நேரம் எடுத்துச் செய்தேன். வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, உள்ளே முழுக்க எபாக்ஸிப் பட்டி அடைத்து, இறுகிய பிறகு நடுவில் மறுபடி துளைத்தேன். இப்போது ஓட்டையைச் சுற்றிப் பட்டிதான், மரம் எங்கும் வெளியே தெரியாது. இருக்கை ஸ்க்ரூவுக்கும் இதே முறைதான். அடைப்பது ஒரு நாள், இறுகிய பிறகு துளைப்பது மறுநாள். மொத்தம் 34 ஓட்டை.

தளத்துப் பிளைவுட்டின் அடிப்பக்கத்தில் முதலிலேயே பைபர் ஒட்டிவிட்டுத்தான் கவிழ்த்தேன். ஸ்க்ரூ ஒன்றுகூட அடிக்கவில்லை. சட்டத்தின் மேல் பட்டி தடவி, பலகையை வைத்து, மணல்மூட்டைகளை அடுக்கி ஒரு ராத்திரி விட்டேன்.

நுரை மறுபடி ஊற்றவில்லை. ஆனால் மிதப்பு இல்லாமல் அப்பாவை ஏற்ற மனசு வரவில்லை. என்ன செய்வது?

பழைய_தச்சன்

ஊற்றாதது நல்லது. மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேன்களைப் பக்கச்சுவரில் மேல்விளிம்புக்குக் கீழே வரிசையாகக் கட்டுங்கள். 10 லிட்டர் கேன் ஒன்று ஏறக்குறைய 10 கிலோவைத் தாங்கும். தளத்துக்குக் கீழே வைப்பதைவிட மேலே பக்கத்தில் வைத்தால் படகில் தண்ணீர் நிறைந்தாலும் கவிழாமல் நிமிர்ந்து நிற்கும். கழற்றிப் பார்க்கவும் முடியும். தளத்துக்குக் கீழே உள்ள இடத்தைக் காலியாகவே விடுங்கள். பின்கோடியில் திறந்து பார்க்க ஒரு வட்ட மூடி, முன்னால் ஒன்று. கரையில் இருக்கும்போது இரண்டையும் திறந்து வைத்தால் காற்று உள்ளே போய் வெளியே வரும். கட்டுமரத்தைக் காயப்போடுவது மாதிரி.

தூண்டில்_திருவொற்றியூர்

கேன் 16 கட்டினேன். மூடி இரண்டும் வைத்தாயிற்று.

ஜூலை இரண்டாவது வாரம் முகத்துவாரத்தில் இறக்கினோம். அப்பா ஏறியதும் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னணியத்தில் இருந்து பின்பலகை வரை குதிகாலால் அழுத்தி அழுத்தி நடந்து பார்த்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு மணி நேரம் வெளியே இருந்தோம்.

பிசின்_அக்கா

இதைப் படிக்க ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது தம்பி. மழைக்கு முன் தார்ப்பாயை நடுவில் உயர்த்திக் கட்டுங்கள். தொய்வாக விட்டால் தண்ணீர் தேங்கிப் பாரம் ஏறும்.

தூண்டில்_திருவொற்றியூர்

அக்டோபர் கடைசி. மூன்று நாளாக விடாத மழை. தார்ப்பாயின் ஒரு பக்கக் கயிறு ராத்திரி காற்றில் அறுந்துவிட்டது, படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். காலையில் பார்த்ததும் வயிறு கலங்கியது. தண்ணீரை இறைத்து, தளத்தைத் துடைத்துவிட்டுப் பின்கோடி மூடியைத் திறந்தேன். கையை உள்ளே விட்டுச் சட்டத்தின் இரண்டு பக்கமும் தடவினேன். காய்ந்த தூசி கையில் ஒட்டியது. முன்மூடியிலும் அதேதான்.

கயிற்றை மாற்றிவிட்டேன். நாளைக்கு வெயில் வந்தால் இரண்டு மூடியையும் திறந்து வைக்க வேண்டும்.